பௌத்த தருமம்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதி

பௌத்தத்தில் தருமம் என்பது புத்தர் கண்டுரைத்த உண்மையையும், அவ்வுண்மைக்கு இசைய வாழும் ஒழுக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். புத்தர், தருமம், சங்கம் என்னும் மும்மணிகளுள் இது இரண்டாவது. அசோகரின் தரும ஆணைகளோடு தொடர்புடைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. கல்வராயன் மலைக்குத் தெற்கே, சேலம் மாவட்டத் தியாகனூரில் பழைய புத்தர் சிலைகள் உள்ளன.

ஒழுக்க நெறி

பௌத்த அறத்துக்கு வேர் எண்ணம். ஒரு செயல் நல்வினையா தீவினையா என்பதை அதைத் தூண்டிய கருத்தே முடிவு செய்கிறது. கொலை, களவு, பிறழ்காமம், பொய், கள் ஆகியவற்றை விலக்கும் ஐந்து சீலங்கள் இல்லறத்தார்க்கு உரியவை. ஒவ்வொருவரும் தாமே முன்வந்து ஏற்கும் உறுதிகள் இவை. பிழைக்கும் தொழிலும் அறத்துக்கு உட்பட்டதே. படைக்கலம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவற்றை விற்று வாழ்வதைப் பாலி நூல்கள் விலக்குகின்றன.

அசோகரும் ஜம்பையும்

கலிங்கப் போரின் அழிவைக் கண்டு மனம் வருந்திய அசோகர் (பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டு), தருமத்தை ஆட்சிக் கடமையாக்கினார். அவருடைய இரண்டாம் பாறை ஆணை, சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்யப்பட்டதாகக் கூறுகிறது. மூலிகை நடுதல், கிணறு வெட்டுதல், வழியோரம் மரம் வளர்த்தல் ஆகியவையும் அதில் இடம்பெறுகின்றன.

இந்தச் சதியபுத்திரர் யார் என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் திருக்கோவிலூர் அருகே உள்ள ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அதற்கு விடை தந்தது. சங்ககாலக் குறுநில மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுத்திரன் என்று அழைக்கும் அக்கல்வெட்டு, அவன் கொடுத்த பாழியை (குகை உறைவிடத்தை) பதிவு செய்கிறது. அது சமணத் துறவியர்க்கு உரியது என்பது அறிஞர் பலரின் கருத்து. எல்லாச் சமயத்தாரையும் மதிக்கச் சொல்லும் அசோகரின் பன்னிரண்டாம் ஆணையோடு சேர்த்து எண்ணத்தக்க கொடை இது.

தியாகனூர்

தலைவாசலை அடுத்த தியாகனூரில் தியான நிலையில் அமர்ந்த இரண்டு பெரிய கற்சிலைகள் உள்ளன. கடற்கரைப் பட்டினங்களைக் கடந்து உள்நாட்டு வேளாண் ஊர்களிலும் பௌத்தம் நிலவியதற்கு இவை சான்று.

தமிழ் இலக்கியத்தில்

சாத்தனாரின் மணிமேகலை, தீவினைகளை உடலால் மூன்று, சொல்லால் நான்கு, உள்ளத்தால் மூன்று எனப் பத்தாகப் பகுக்கிறது. எல்லா உயிர்க்கும் உணவும் உடையும் உறையுளும் அளிப்பதே அறம் என்பது அக்காப்பியத்தின் நிலைப்பாடு. காப்பியத் தலைவி மணிமேகலை, அமுதசுரபி என்னும் வற்றாத பாத்திரத்தை ஏந்திப் பசித்தோர்க்குச் சோறிடுகிறாள். அவள் வேண்டியதால் சோழ மன்னன் சிறைச்சாலையை அறச்சாலையாக்குகிறான். ஞானத்தின் உச்சியைப் பேசும் நூல், பசி தீர்ப்பதை அதன் முதற்படியாக வைத்தது தமிழ்ப் பௌத்தத்தின் பெருமை.

அண்மைக் காலம்

அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, சாதி வேற்றுமையை மறுக்கும் அறமாகப் பௌத்தத்தை முன்வைத்தார். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார். மனிதர் மனிதரை நடத்தும் முறையே தருமத்தின் உரைகல் என்பதில் இருவரும் உறுதியாக நின்றனர். மருத்துவத்தையும் கிணற்றையும் தருமமாகக் கண்ட அசோகரின் ஆணைகளுக்கும், சோற்றை அறமாகக் கண்ட மணிமேகலைக்கும் பொருந்தும் அளவுகோல் அதுவே.