கொல்லிமலையும் மறைமொழி தந்த மனவலிமையும்

கொல்லிமலை என்றவுடன் வல்வில் ஓரியையும் கொல்லிப்பாவையையும் எடுத்துரைப்பது தமிழாசிரியர் மரபு. அறப்பளீசுவரர் திருக்கோயிலும் ஆகாய கங்கை அருவியும் அம்மலையின் பெருமையைப் பேசும். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே செல்கின்றது. ஆனால் நம் இளைஞர்கள் அறியாத வரலாறு ஒன்றும் அம்மலையில் உண்டு. வாழவந்தி என்னும் ஊரில் அருகருகே அமைந்த இரண்டு கல்லறைகள் அதற்குச் சான்று. ஒன்று 1929-இல் அமைந்தது. மற்றொன்று 1974-இல் அமைந்தது. இவற்றுக்கு இடைப்பட்ட 45 ஆண்டுகளைப் பற்றியே நாம் ஈண்டு பேசப் புகுகின்றோம். திருமறையின் ஒரு பகுதியை வாசிக்கும் மனிதர் அதிலிருந்து எவ்வாறு ஊக்கம் பெறுகின்றார், அந்த ஊக்கம் அவரை எங்கே கொண்டு சேர்க்கின்றது என்பதே நம் கேள்வி.

ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேயர் 1907-இல் இந்தியா வந்தார். மதகுருவாக இருந்ததோடு தச்சு வேலையும் ஓரளவு மருத்துவமும் கற்றவர். 1913-இல் அவர் மணந்துகொண்ட ஈவ்லின் ஆரிஸ், இலண்டன் மாநகரின் செல்வக் குடும்பத்தில் 1879-இல் பிறந்தவர். சேந்தமங்கலத்தில் திருமணம் முடிந்தபின் இருவரும் மலையேறினர். அக்காலத்தில் பாதை ஏது? ஒற்றையடித் தடமும் டோலியும்தாம். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே இராத் தங்கவும் துணியாத காலம் அது.

அம்மலை மக்களை மிகவும் வாட்டிய நோய்களுள் நரம்புச் சிலந்தியும் ஒன்று. காலில் கொப்புளம் தோன்றும். அது உடைந்ததும் உள்ளிருக்கும் நீண்ட புழு வெளியே தலை காட்டும். எரிச்சல் தாளாமல் மக்கள் குளத்து நீரில் காலை நனைப்பர். அப்போது புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு நீர்ப்பூச்சிகள் அவற்றை உண்ணும். அந்த நீரைக் குடிப்பவர் உடலில் புழு மீண்டும் வளரும். ஜெஸ்ஸி பிராண்ட் புழுவைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதாக, அறுந்துவிடாமல் வெளியே எடுத்தார். அத்தோடு நில்லாமல், மக்கள் நீரில் இறங்காதபடி கிணறுகளுக்குச் சுவர் எழுப்பவும் கற்பித்தார். இந்திய நாடு இந்நோயிலிருந்து முற்றும் விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2000-ஆம் ஆண்டில்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தச் சுவரின் அருமை விளங்கும்.

மருத்துவம் பெற வந்தவர் பலர். ஆயினும் அவர் கூறிய சமயத்தைப் பல்லாண்டுகள் ஒருவரும் ஏற்கவில்லை. உலகெங்கும் இன்புளூயன்சா பரவிய காலத்தில் அம்மலைப் பூசாரி ஒருவர் நோயுற்றார். உற்றாரும் அஞ்சி ஒதுங்கிய நேரத்தில் இத்தம்பதியர் அவரைப் பேணினர். தம் கைக்குழந்தையை இவர்களே வளர்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு அவர் கண்மூடினார். அதன் பின்னரே சிலர் அவர்கள் சொல்லுக்குச் செவிசாய்த்தனர். விவாதத்தில் வென்றவர் எவருமில்லை. நோயாளிக்குப் புகட்டிய கஞ்சி வென்றது.

1929 ஜூன் 15 அன்று கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் மறைந்தார். அப்போது மகன் பால் இங்கிலாந்தில் பள்ளி மாணவன். தந்தை இறந்த செய்தியைத் தந்தி உடனே கொண்டுவந்தது. தந்தை எழுதிய கடிதங்களோ கப்பலில் மெதுவாக வந்து, அதன் பின்னும் சில வாரங்கள் அவன் கையை அடைந்துகொண்டிருந்தன.

கணவரை இழந்த ஈவ்லின் அம்மையார் மீண்டும் இந்தியா வந்தார். சங்கத்தார் அவரைச் சமவெளிப் பணிகளில் அமர்த்தினர். 68-ஆம் வயதில் ஓய்வு பெறுமாறு கூறினர். இன்னும் ஓராண்டு மட்டும் என்று மன்றாடி இசைவு பெற்றார். அவ்வாண்டு முடிந்ததும் சங்கத்திலிருந்து விலகி, தம் சொந்தப் பொறுப்பில் கொல்லிமலைக்கே குடியேறிவிட்டார்! பச்சைமலை, கல்வராயன், சித்தேரி என அடுத்தடுத்த மலைகளுக்கும் மட்டக் குதிரையில் சென்றார். விழுந்து எலும்பு முறிந்ததுண்டு. நடை தளர்ந்தபோது இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். இறுதி இருபது ஆண்டுகள் வீட்டில் நிலைக்கண்ணாடியே வைத்திருக்கவில்லை என்பர். 1974 டிசம்பர் 18 அன்று, 95-ஆம் வயதில் காலமானார்.

யோசுவா ஆகமத்தின் 14-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் இவ்வம்மையார் நம் நினைவுக்கு வருகின்றார். அங்கே காலேப் என்னும் முதியவர் பேசுகின்றார். வேவு பார்க்கச் சென்றபோது தமக்கு வயது 40 என்றும், இப்போது 85 என்றும் கணக்குச் சொல்கின்றார். இடைப்பட்ட காலம் 45 ஆண்டுகள். (வாழவந்திக் கல்லறைகளின் இடைவெளியும் அதுவே, நாம் இதில் மறைபொருள் எதுவும் தேடவில்லை.) ஓய்வையோ விளைந்த வயலையோ அவர் கேட்கவில்லை. உயர்ந்த மனிதர் வாழும், மதில் சூழ்ந்த மலைநாட்டைக் கேட்கின்றார். இவ்வதிகாரத்தைத் தனியே வாசிப்பவர் பாதியே பெறுவர். எண்ணாகமம் 13-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தல் வேண்டும். அங்கே வேவுகாரர் பதின்மர் அம்மலை மாந்தரின் முன்னே தங்களை வெட்டுக்கிளிகளாகக் கண்டதாகக் கூறுகின்றனர். தம்மைச் சிறியராகக் காண்பது எப்படித் தொற்றுநோய்போல் ஒரு சமுதாயம் முழுவதையும் பற்றிக்கொள்கின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் உண்டோ? சேரியில் பிறந்து படித்து முன்னேறிய நம்மவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த மகன் பால் பிராண்ட் மருத்துவராகி, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்வதாக அனைவரும் நம்பிய காலம். நரம்பு செத்து வலி தெரியாமற் போவதாலேயே தீக்காயமும் வெட்டுக்காயமும் கவனிப்பாரின்றி விரல்களை அழிக்கின்றன என்பதை அவர் நிறுவினார். இரவில் விரல் குறைந்து எழுந்த சிலரின் மர்மத்தை ஆராய்ந்தபோது, உறக்கத்தில் எலி கடித்ததே அவர்களுக்குத் தெரியவில்லை என்று புலப்பட்டது. பிறகு பூனை வளர்ப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று. மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி, தொழில் கற்பித்து வாழ வழிசெய்ய, நவ ஜீவ நிலையம் என்னும் இல்லமும் எழுந்தது. பின்னாளில் பிலிப் யான்சியுடன் இணைந்து 1980-இல் அவர் வெளியிட்ட நூல், 139-ஆம் சங்கீதத்தின் 14-ஆம் வசனத்திலிருந்து தன் தலைப்பைப் பெற்றது. மனித உடல் வியக்கத்தக்க முறையில் ஆக்கப்பட்டது என்பது அவ்வசனத்தின் கருத்து. தொட அஞ்சிய உடல்களை நாள்தோறும் தொட்ட கையே இவ்வசனத்தை விரித்து எழுதியது. தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் அதனை வாசிக்கும்போது, அதன் பொருள் மேலும் ஓர் அடி ஆழமாகச் செல்கின்றது.

இனி, நம்மிடையே எழும் மறுப்பையும் எண்ணுதல் கடமை. துன்பத்தில் இருப்பவனுக்கு மறைமொழி ஆறுதல் தருவது மெய்யே. அந்த ஆறுதலே அவனைத் தூங்கச் செய்துவிடாதோ? டாக்டர் அம்பேத்கர் இதே குறையை எடுத்துரைத்தார். கிறிஸ்தவரான தீண்டப்படாதோர் தம் உரிமைக்காகத் திரண்டெழவில்லை என்றும், அவர்தம் இழிநிலைக்குச் சமுதாயத்தின் அநீதி காரணம் என்பதை விடுத்துப் பாவமே காரணம் எனப் போதிக்கப்பட்டது என்றும் அவர் எழுதினார். இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட இயலாது. 1714-15இல் தரங்கம்பாடியில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. அதன்பின் நூறாண்டு கடந்தும் ஆலயத்தில் தனி இடமும் நற்கருணையில் தனி முறையும் தொடர்ந்தன. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையினின்று நீக்க ஆணையிட்டபோது, அதனை ஏற்க மறுத்து விலகிச் சென்றோர் பலர். செல்வனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் காட்டும் சபையை யாக்கோபு நிருபத்தின் 2-ஆம் அதிகாரம் கண்டிக்கின்றது. அந்த அதிகாரமும் அச்சில் இருந்தது, வாசிக்கவும் பட்டது. எந்தப் பகுதியை ஊன்றி வாசிப்பது, எதைக் கடந்து போவது என்பதைச் சபையில் முன்வரிசையில் அமர்ந்தவரே முடிவுசெய்தனர் போலும்.

பின்வரிசையினர் தாமே வாசிக்கத் தொடங்கியபோது நிலை மாறியது. அரவிந்த் நிர்மல் 1980களில் தலித் இறையியலுக்கு அடித்தளமிட்டார். உபாகமம் 26-ஆம் அதிகாரத்தில், நாடற்று அலைந்த மூதாதையை நினைத்து மக்கள் உரைக்கும் அறிக்கையை அவர் எடுத்துக்கொண்டார். தம் முன்னோர் பட்ட இழிவை மறைக்காமல், அதையே முதல் வரியாகச் சொல்லத் தொடங்குவதுதான் அப்பகுதியின் வலிமை. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு கிராமியப் பாட்டிலும் பறையிலும் வழிபாட்டை அமைத்தார். அன்றாட உணவுக்கான வேண்டுதலை, எல்லோரும் ஒரே உலையில் சமைத்து உண்ணும் வாழ்வுக்கான வேண்டுதலாக விளக்கினார். பொதுச்சோறு மறுக்கப்பட்டவர்க்கு அவ்விளக்கத்தின் சுவை சொல்லாமலே தெரியும். யாத்திராகமம் 3-ஆம் அதிகாரமும் அத்தகையதே. ஒடுக்கப்பட்டோரின் கூக்குரலைக் கேட்ட இறைவன், அவர்கள் பொறுமையைப் புகழ்ந்துவிட்டு அமர்ந்திருக்கவில்லை. விடுவிக்க இறங்கி வருகின்றார். ஆறுதலும் செயலும் அங்கே ஒன்றாகவே நிற்கின்றன.

ஆகவே, தினமும் ஒரு வசனம் எனக் காலண்டர் தாளைக் கிழிப்பது போல் வாசிப்பதை நாம் ஊக்குவிப்பதில்லை. முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களைப் படியுங்கள். யார், யாரிடம், எந்த நெருக்கடியில் சொன்னது என்று கேளுங்கள். வரலாற்றுப் பாடத்திற்கு நாம் வகுப்பில் சொல்லும் முறையும் இதுவே. கிறிஸ்தவரல்லாத உறுப்பினரும் திருக்குறளையோ தம்ம பதத்தையோ இம்முறையில் வாசிக்கலாம்.

கொல்லிமலை நமக்கு மற்றொன்றையும் காட்டுகின்றது. அம்மலையின் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். அவருள் ஒருவர் கிறிஸ்தவரானாலும் பழங்குடித் தகுதி மாறுவதில்லை. 1950-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் ஆணையில் சமய நிபந்தனை இல்லை. அதே 1950-இல் பிறந்த பட்டியல் சாதியினர் ஆணையோ இந்துக்களுக்கு மட்டும் என்று வரம்பிட்டது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரைச் சேர்க்கலாம் என்று 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமர்த்தப்பட்டது. மலையில் ஓர் ஆலயத்தில் ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே அதிகாரத்தை வாசித்து எழும் இளைஞர் இருவரை எண்ணிப் பாருங்கள். மலையாளி இளைஞர் வட்டாட்சியர் அலுவலகத்தில் பழங்குடியினர் சான்றிதழ் பெறுவார். அடிவாரத்து ஆதிதிராவிடக் கிறிஸ்தவ இளைஞர் பெறுவதோ பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்.