டால்டன் கண்ட நீலப் பூ

மயில்கழுத்து கலர் பச்சையா நீலமா என்று ஜவுளிக்கடையில் சண்டை போடாத குடும்பம் உண்டா? "எனக்கு நீலமாத்தான் தெரியுது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை வைத்து என்ன முடிவுக்கு வரலாம்? இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஜான் டால்டன்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆமாம், அணுக்கொள்கை டால்டனேதான்.

1792இல் ஒரு ரோஸ் நிற ஜெரேனியம் பூவை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். பகலில் அவருக்கு வானநீலமாகத் தெரிந்த பூ, இப்போது சிவப்பு! நண்பர்களைக் கேட்டால், அப்படியொன்றும் மாறவில்லையே என்றார்கள். அவருடைய அண்ணன் மட்டும் தனக்கும் அப்படித்தான் தெரிகிறது என்றார். 1794இல் மான்செஸ்டரில் இதைக் கட்டுரையாக வாசித்தார் டால்டன்.

அதில் எனக்குப் பிடித்தது, எதுவும் எதுவும் தனக்கு ஒரே மாதிரி தெரிகின்றன என்று அவர் சொல்வதுதான். சிவப்பு அரக்குக் குச்சியும் லாரல் இலையும் ஒன்று. ரத்தம், பச்சை பாட்டில் நிறம். இதெல்லாம் சோதித்துப் பார்க்கக்கூடிய பேச்சு.

அடுத்த படியில்தான் வழுக்கினார். நீல வடிகட்டி வழியாகப் பார்த்தால் சிவப்பு மங்கும். எனக்குச் சிவப்பு மங்கலாகத் தெரிகிறது. ஆகவே என் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாகத்தான் இருக்க வேண்டும். மழை பெய்தால் தரை நனையும், தரை நனைந்திருக்கு, அதனால மழைதான் என்பது மாதிரி. யாராவது வாசல் தெளித்திருக்கலாமே!

ஆனாலும் மனுஷர் நேர்மையானவர். தான் இறந்த பிறகு கண்ணைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டார். 1844 ஜூலையில் இறந்தார். மறுநாள் மருத்துவர் ஜோசப் ரான்சம் ஒரு கண்ணின் திரவத்தை எடுத்துப் பார்த்தார். தெள்ளத் தெளிவு, நீலமே இல்லை. இன்னொரு கண்ணின் பின்பக்கத்தை வெட்டி, அதன் வழியாகவே சிவப்பையும் பச்சையையும் பார்த்தார். நிறம் மாறவில்லை.

கோளாறு திரவத்தில் இல்லை, விழித்திரையில் சிவப்பை உணரும் இழைகள்தான் இல்லை என்று தாமஸ் யங் 1807இலேயே சொல்லியிருந்தார். டால்டன் அதை ஏற்கவில்லை. 1995இல், பத்திரப்படுத்தி வைத்திருந்த கண் துணுக்கிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தார்கள். இடம் விழித்திரைதான். ஆனால் இல்லாமல் போனது சிவப்புப் பக்கத்து நிறமி அல்ல, பச்சைப் பக்கத்து நிறமி. ஆக, டால்டனின் வார்த்தைகளை வைத்து யங் போட்ட கணக்கும் பாதிதான் சரி. கண்ணில் என்னென்ன எப்படித் தெரிந்தன என்று டால்டன் எழுதி வைத்ததோ, 1995 முடிவோடு ஒத்துப்போகிறது.