ஷ்மர்லர் - துடைப்பமும் கருங்கல்லும்

குளிர்கால ஒலிம்பிக்ஸ் வந்தா நம்ம ஆளுங்க எல்லாரும் தவறாம கிண்டல் பண்ற விளையாட்டு ஒண்ணு இருக்கு. ஒருத்தர் பனித்தரையில மண்டி போட்டு ஒரு கல்லைத் தள்ளிவிடுவார், ரெண்டு பேர் அதுக்கு முன்னால வெளக்குமாத்தை வச்சு வெறித்தனமா பெருக்கிக்கிட்டே ஓடுவாங்க. "எங்க ஆயா கூட இதுல தங்கம் வாங்கிடும்" என்கிற ஜோக்கை நீங்களும் குறைஞ்சது ஒரு தடவை சொல்லியிருப்பீங்க. அதான் கர்லிங். இந்தப் பதிவு அந்த விளையாட்டில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கின அணியின் தலைவி சாண்ட்ரா ஷ்மர்லர் பற்றி.

முதல்ல விளையாட்டைப் பற்றி ஒரு பத்தி, தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம். நீளம் சுமார் 45 மீட்டர், கல்லின் எடை கிட்டத்தட்ட 20 கிலோ. கருங்கல்தான், ஆனா கண்ட பாறையிலிருந்து எடுத்தது கிடையாது. ஒலிம்பிக் கற்களுக்கான கிரானைட் ஸ்காட்லாந்துக்குப் பக்கத்துல கடலுக்குள்ள இருக்கும் அய்ல்ஸா கிரேக் என்ற குட்டித் தீவிலிருந்து வருது. அணிக்கு நாலு பேர், ஆளுக்கு ரெண்டு கல். எதிர்முனையில் வரைஞ்சிருக்கிற வட்டத்தின் மையத்துக்கு யார் கல் பக்கமோ அவங்களுக்குப் புள்ளி. ரெண்டு அணியும் சேர்ந்து 16 கல் விட்டு முடிச்சா ஒரு 'எண்ட்', இன்னிங்ஸ் மாதிரி. அந்தப் பெருக்கல் வேலை சும்மா இல்லை. தேய்க்கத் தேய்க்க பனி லேசா சூடாகி கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவு குறையும். ரிலீஸ் பண்ணின பிறகும் பேட்ச் போட அனுமதி இருக்கற விளையாட்டு. நம்ம பொழப்பு மாதிரியேன்னு வைங்களேன் :-)

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம், கோதுமை வயலும் குளிரும் தவிர வேற பெருசா ஒண்ணும் இல்லாத சமவெளி. அங்கே ரெண்டாயிரம் பேர் இருக்கிற ஒரு சின்ன ஊர், பேர் பிகர் (ஜொள்ளர்கள் அமைதி காக்கவும்). 'நியூயார்க் பெரிசுதான், ஆனா இது அதை விட பிகர்' என்கிற மாதிரி ஆங்கிலச் சிலேடையைத்தான் ஊர் எல்லையில் பெருமையா எழுதி வச்சிருக்காங்க. அங்கேதான் 1963-ல் சாண்ட்ரா பிறந்தார். அந்த மாதிரி ஊர்களில் குளிர்காலம் ஆறு மாசம் நீளும். நம்ம ஊர்ல டீக்கடை பெஞ்சு எதுவோ, அங்கே கர்லிங் கூடம் அது. சின்னவங்க பெரியவங்க, ஆண் பெண் எல்லாரும் கூடுற இடம். பெண்களுக்கான கனடா தேசியப் போட்டி 1961-ல் ஆரம்பிச்சப்ப முதல் கோப்பையைத் தூக்கினதும் இதே மாகாணத்து ஜாய்ஸ் மெக்கீ அணிதான். 1969 முதல் 1974 வரை வரிசையா ஆறு வருஷம் இந்த மாகாணமே ஜெயிச்சிருக்கு. அதாவது சாண்ட்ரா வளர்ந்தப்ப, பெண்கள் ஜெயிக்கறது அங்கே அதிசயமா இல்லை.

சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிச்சார். ரெஜைனா நகரத்துல ஒரு பொழுதுபோக்கு மையத்தில் மேற்பார்வையாளர் வேலை. இந்த வேலை விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்பறேன், ஏன்னா கதையே இதுல தான் இருக்கு. அந்தக் காலத்துல கர்லிங் ஆடி யாரும் குடும்பம் நடத்த முடியாது. பெண்கள் தேசியப் போட்டியின் பரிசுன்னா தங்க நகை, இதய வடிவத்துல. டிஷ்யூ பேப்பர் கம்பெனி ஸ்பான்சர் பண்ணின போட்டிக்கு 'ஹார்ட்ஸ்'னு பேர் வச்சதால அப்படி. பகல்ல வேலை, சாயங்காலம் பயிற்சி, வாரக்கடைசியில போட்டி. உலக சாம்பியன் ஆனதுக்கு மறுவாரம் திரும்ப ஆபீஸ்.

1987-ல் கேத்தி ஃபால்மன் தலைமையிலான அணியில் முதல் தடவை தேசியப் போட்டிக்குப் போனார். அதே அணியில் ஜேன் பெட்கர். அப்புறம் இந்த ரெண்டு பேரும் ஜோன் மெக்கஸ்கர், மார்சியா குடரைட்னு இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்து தனி அணி அமைச்சாங்க, ஸ்கிப் சாண்ட்ரா. ஸ்கிப் என்பது கேப்டன். வட்டத்துக்குள்ள நின்னு துடைப்பத்தைக் காட்டி எங்கே குறி வைக்கணும்னு சொல்றவர், வழக்கமா கடைசி ரெண்டு கல்லையும் விடறவர். ஜெயிச்சாலும் தோத்தாலும் அந்தக் கடைசிக் கல் அவர் தலையில்தான் விடியும்.

1993-ல் தேசியப் பட்டம், ஜெனீவாவில் உலகப் பட்டம். 1994-ல் திரும்பவும் ரெண்டும், இந்தத் தடவை உலகப் போட்டி ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃபில். 1997-ல் மூணாவது தடவை, ஸ்விட்சர்லாந்தின் பெர்னில். மூணு உலகப் பட்டத்துக்கும் அதே நாலு பேர்.

ஒரு சின்ன விஷயம். பழைய ரெக்கார்டுகளைப் புரட்டினா 1993, 1994 பட்டங்கள் 'சாண்ட்ரா பீட்டர்சன்' பேரில் இருக்கும், 1997 'ஷ்மர்லர்' பேரில். முதல் கல்யாணத்து பேர் பீட்டர்சன். அது முறிஞ்ச பிறகு பிறந்த பேருக்கே திரும்பிட்டார். பேரை பிரைமரி கீ-யா வச்ச டேட்டாபேஸ்ல ரெண்டு தனித்தனி ஆளா தெரிவாங்க. ஆண்கள் பக்கம் இந்தக் குழப்பம் வரவே வராது, கவனிச்சிருக்கீங்களா?

இப்ப 1997-க்கு வருவோம். மூத்த மகள் பிறந்தது அந்த வருஷம் செப்டம்பரில். கணக்குப் போட்டுப் பாருங்க, ஏப்ரலில் பெர்னில் உலகக் கோப்பையைத் தூக்கினப்ப அவங்க கர்ப்பிணி. கனடாவின் ஒலிம்பிக் தகுதிப் போட்டி பிராண்டன் நகரத்துல நவம்பர் கடைசியில். கையில் ரெண்டு மாசக் குழந்தையோட போய் ஆடினார்.

கனடாவுல ஒலிம்பிக் தங்கத்தை விட தகுதிப் போட்டி ஜெயிக்கறது கஷ்டம்னு சொல்வாங்க. நம்ம ஐஐடி நுழைவுத் தேர்வு கதைதான், உள்ளே போறதுதான் பாடு. இறுதிப் போட்டியில் எதிரணி கேல்கரியின் ஷானன் கிளைப்ரிங்க். ஏழாவது எண்ட்ல சாண்ட்ராவின் கடைசிக் கல். நேரா அடிக்க வழியில்லை. ஓரமா நின்ன ஒரு கல்லின் விளிம்புல உரசி, அங்கிருந்து உள்ளே திரும்பி, நடுவுல இருந்த எதிரணிக் கல்லைத் தள்ளிட்டு தன் கல் அங்கேயே நிக்கணும். கேரம் ஆடினவங்களுக்கு உடனே புரியும், ஓரக் காயில் கட் அடிச்சு உள்காயை எடுக்கறது. ஆனா இங்கே ஸ்ட்ரைக்கர் 20 கிலோ, தூரம் முப்பது மீட்டருக்கும் மேல. அடிச்சார். மூணு புள்ளி. ஆட்டம் 9-6. கர்லிங் ரசிகர்கள் இன்னிக்கும் பேசற அடி இது. வீடியோவில் பார்த்தப்ப நான் நாலு தடவை பின்னால தள்ளிப் பார்த்தேன். அவர் கத்தறதும் குதிக்கறதும் பார்த்தா நமக்கே கை தட்டத் தோணும்.

1998 ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்ஸ், கர்லிங் நடந்தது கருயிசாவாவில். ஆண்களுக்கு 1924-லேயே நடந்திருக்கு (அது அதிகாரபூர்வமான பதக்கம்தான்னு 2006-ல்தான் முடிவு பண்ணாங்க!), பெண்களுக்கு பதக்க விளையாட்டா இதுதான் முதல் தடவை. அரையிறுதியில் பிரிட்டனை கூடுதல் எண்ட் வரைக்கும் போய் 6-5. இறுதியில் டென்மார்க்கை 7-5. தோத்த டென்மார்க்குக்கும் சரித்திரம்தான், குளிர்கால ஒலிம்பிக்ஸில் அந்த நாடு வாங்கின முதல் பதக்கம் அந்த வெள்ளி. தங்கம் கிடைச்சு ஒரு வாரத்துக்குள்ளே சொந்த ஊர் ரெஜைனாவில் தேசியப் போட்டி. நடப்பு சாம்பியனா அதிலும் இறங்கினாங்க, ஜெயிக்கலை. அந்த அட்டவணையைப் போட்ட புண்ணியவானை என்ன சொல்ல?

அதுக்கப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன், எனக்கு எழுதவே பிடிக்கலை. 1999 ஜூனில் இரண்டாவது மகள் பிறந்தாள். சில மாசத்துல சாண்ட்ராவுக்குப் புற்றுநோய்னு தெரிஞ்சது. 2000 பிப்ரவரியில், சிகிச்சைக்கு நடுவுல, மாங்க்டன் நகரத்துல நடந்த ஜூனியர் தேசியப் போட்டிக்கு டிவி வர்ணனையாளரா வந்தார். பத்திரிகையாளர்களையும் சந்திச்சார். நோய் பற்றி வெளிப்படையா பேசினார், இனி குடும்பம் முன்னால, கர்லிங் பின்னாலன்னு. மார்ச் 2 அன்னிக்கு இறந்துட்டார். வயசு 36. மூத்த மகளுக்கு ரெண்டரை வயசு, சின்னவளுக்கு எட்டு மாசம்.

இறுதிச் சடங்கை நாடு முழுக்க டிவியில் நேரடியா காட்டினாங்க. அப்ப சஸ்காட்டூனில் ஆண்கள் தேசியப் போட்டி நடந்துக்கிட்டு இருந்தது. ஆட்டத்தைத் தள்ளி வச்சிட்டு, அரங்கத்துப் பெரிய திரையில் எல்லாரும் அதைப் பார்த்தாங்க. நினைச்சுப் பாருங்க, கோடீஸ்வர ஹாக்கி வீரர்களைக் கொண்டாடற தேசம், சாயங்கால நேரத்துல கர்லிங் ஆடின ஒரு அரசு ஊழியர் மாதிரியான பெண்ணுக்காக உட்கார்ந்து அழுதிருக்கு. அவரை அவங்க 'ஷ்மர்லர் த கர்லர்'னுதான் கூப்பிடுவாங்க, எதுகை அப்படி அமைஞ்சு போச்சு.

2001-ல் அவர் பேரில் அறக்கட்டளை ஆரம்பிச்சாங்க. குறைமாசத்துல, ஆபத்தான நிலையில் பிறக்கற குழந்தைகளுக்காக ஆஸ்பத்திரிகளுக்குக் கருவிகள் வாங்க உதவுது. கனடா பெண்கள் அடுத்த ஒலிம்பிக் தங்கம் வாங்க 2014 வரை, ஜெனிஃபர் ஜோன்ஸ் வரும் வரை காத்திருக்க வேண்டியதாச்சு.

தேசியப் போட்டியின் பிளே-ஆஃப் கட்டத்துல சிறந்த ஆட்டக்காரருக்குத் தர்ற விருது இப்ப சாண்ட்ரா ஷ்மர்லர் பேரில் இருக்கு. ஜேன் பெட்கர்? அவர் தானே ஸ்கிப் ஆகி, 2007-ல் சஸ்காட்செவன் அணியை அதே தேசியப் போட்டியின் இறுதி வரை கொண்டு போனார். கெல்லி ஸ்காட் அணிகிட்ட தோத்தார்.