சோம்பலும் சோகையும்

கல்வி வரலாறு எழுதுவோர் பள்ளிகளையும் பட்டங்களையும் எண்ணுவர். அவற்றை நாடி நடந்த கால்களை எண்ணுவார் அரியர். சப்பிரகமுவ மாகாணத் தோட்டங்களைப் பொறுத்தவரை, மாணவர் உடல்நல வரலாற்றைக் கால்களிலிருந்தே தொடங்கவேண்டியுள்ளது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் மழை மிகுந்தவை. றப்பர் மர நிழலில் மண் எளிதில் உலர்வதில்லை. அத்தகைய ஈரமண்ணே கொழுக்கிப்புழுவின் குடம்பிகளுக்கு உகந்தது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் அவை, நுரையீரல் வழியாகக் குடலை அடைந்து, ஆங்கே குருதியை உறிஞ்சி வாழும். நோயுற்றவன் பெரும்பாலும் படுக்கையில் வீழ்வதில்லை. வெளிறுகிறான், இளைக்கிறான், சிறிது நடந்தாலும் மூச்சு வாங்குகிறான். பிள்ளையாயின், பாடத்தில் மனம் பதியாது உறங்கி வழிகிறான். இவ்வுறக்கத்திற்குத் துரையும் கங்காணியும், ஏன், ஆசிரியருங்கூட இட்ட பெயர் சோம்பல் என்பதே. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் இதே கதைதான். 1909இல் றொக்பெல்லரின் நிதியால் அங்கு ஒழிப்பு முயற்சி தொடங்கிய காலத்தில், இப்புழு ‘சோம்பற் கிருமி’ என்றே பேசப்பட்டது.

1916இல் அந்நிறுவனத்தார் இலங்கையில், மாத்தளைத் தோட்டங்களில் இப்பணியைத் தொடங்கினர். மருந்து பயன் தந்தது. ஆனால் மலகூடம் இல்லாத இடத்தில், குணமடைந்தவன் மீண்டும் அதே மண்ணை மிதித்தான், மீண்டும் நோயுற்றான். மலகூடம் கட்டும் செலவைத் தோட்டத்தார் பலர் விரும்பவில்லை. கணக்கில் வல்ல அவர்கள், குருதி குன்றியவனின் உழைப்பும் குன்றும் என்னும் கணக்கை மட்டும் ஏனோ தவறவிட்டனர்.

குருதியை வற்றச்செய்யும் மற்றொரு நோய் மலேரியா. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகவே, நுளம்பு பெருகியது. 1934-35இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை மாவட்டம் மிகக் கடுமையாகத் தாக்குண்டது. அங்கு சென்ற கலாநிதி என். எம். பெரேரா முதலிய தொண்டர்கள் கொயினாவுடன் பருப்பும் வழங்கினர். பசித்த உடலில் மருந்து மட்டும் நில்லாது என்பதை அவர்கள் கண்டிருந்தனர். மலேரியா நீங்கிய நாடென உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது 2016இல்தான்.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களில். இடைப்பட்ட காலத்தில் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்றவர் மிகச் சிலரே. 1996இல் பெலிகுல் ஓயாவில் சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் அமைந்தது. தேயிலை மலைகளுக்கு அண்மையிலேயே பட்டப்படிப்பு வந்துவிட்டது. எனினும் அங்குச் செல்லும் தோட்டப் பிள்ளை, பெரும்பாலும் தன் குடும்பத்தில் முதற் பட்டதாரியாக வேண்டியவர். விரிவுரை ஆங்கிலத்தில், விடுதியில் பேச்சு சிங்களத்தில், வீட்டார் நோக்கியிருப்பது அவரது முதற் சம்பளத்தை. உதவிப்பணத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒருவேளை உணவைக் குறைத்துக்கொள்ளும் மாணவரை அறியாத ஆசிரியர் நம்மில் யார்?

இத்தகையோரை வருத்தும் உறக்கமின்மையும் மனச்சோர்வும், புழுவைப்போல் நுண்பெருக்கியில் தோன்றுவன அல்ல. ஆதலின் பழைய பெயரே மீண்டும் இடப்படுகிறது. பகிடிவதையைக் குற்றமாக்கும் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. பிறர் செய்யும் கொடுமைக்கேனும் அதனால் ஒரு பெயர் கிடைத்தது. தானாகவே வாடுகின்ற மாணவனோ, ஆலோசகரின் அறைவாயில்வரை சென்றும் திரும்பிவிடுகிறான். உள்ளே நுழைவதைத் தோழர் கண்டால் தனக்கு என்ன பெயரிடுவர் என்பதே அவனது அச்சம்.