ஓர் எழுத்தும் இரு பள்ளிக்கூடங்களும்

புதுச்சேரியில் ஒரே தெருவில் குடியிருக்கும் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, மின்சாரக் கணக்கின் முதல் சூத்திரத்தை எழுதச் சொல்லிப் பாருங்கள். நம் பள்ளிக்கூடத்துப் பையன், 'வி சமம் ஐ ஆர்' என்று எழுதுவான். லிசே பிரான்சேயில் படிக்கும் பெண், 'யூ சமம் ஆர் ஐ' என்று எழுதுவாள். யார் எழுதியது சரி என்ற சண்டையே வேண்டாம். அழுத்தத்தை இவன் 'வி' என்கிறான். அவள் 'யூ' என்கிறாள். கணக்கு ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், இருவருக்கும் பொதுவாக நிற்கும் 'ஐ' என்ற எழுத்துத்தான். ஓட்டத்தைக் குறிக்கும் அந்த எழுத்து ஆங்கிலத்துச் சொத்தல்ல. ஓடும் மின்சாரத்தின் வலிமையைப் பிரெஞ்சில் 'அந்தான்சித்தே' என்பார்கள். அதன் முதல் எழுத்து அது.

அதை அப்படி எழுதியவர் ஆம்பியர். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், தகப்பனாரைக் கில்லட்டினுக்குப் பறிகொடுத்த பிள்ளை அவர். மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புகிறது என்ற செய்தி 1820இல் கோபன்ஹேகனிலிருந்து பாரிஸுக்கு வந்ததும், சில வாரங்களுக்குள் அதை ஒரு கணித சாஸ்திரமாகவே வளர்க்கத் தொடங்கிவிட்டார். ஆங்கிலேயர்களோ வெகு காலம் 'சி' என்றுதான் எழுதி வந்தார்கள். அந்த நூற்றாண்டு முடிகிற சமயத்தில்தான் அந்தப் பிடிவாதம் முற்றிலும் தளர்ந்தது. 1761இல் பாண்டிச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கியவர்கள், ஓர் எழுத்தின் விஷயத்தில் பிரெஞ்சுக்காரரிடம் தோற்றுப் போனார்கள் என்று வைத்துக் கொள்ளலாம்!

ஆனால் சூத்திரத்தைக் கண்டவர் பிரெஞ்சுக்காரரும் அல்ல, ஆங்கிலேயரும் அல்ல. ஜெர்மானியரான கியோர்க் ஸைமன் ஓம். பூட்டு செய்பவரின் மகன். கொலோன் நகரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் காலத்து மின்கலங்களில் அழுத்தம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அதை வைத்துக் கொண்டு எதை அளப்பது? ஓம் வேறு வழி பார்த்தார். இரண்டு உலோகங்களைச் சேர்த்து, ஒரு சந்திப்பைக் கொதிக்கும் நீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அழுத்தம் அசையாமல் நின்றது. பிறகு கம்பியின் நீளத்தை மாற்றி மாற்றி ஊசியைக் கவனித்தார். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும் என்ற உண்மை, 1827இல் புத்தகமாக வந்தது.

யாரும் கொண்டாடவில்லை. மனம் நொந்த ஓம் உத்தியோகத்தை விட்டுவிட்டு, சில வருஷங்கள் பெர்லினில் சில்லறைப் பாடங்கள் சொல்லிக் கொடுத்து வயிற்றைக் கழுவினார். லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் கொடுத்தது 1841இல். மியூனிக் சர்வகலாசாலையில் அவர் ஆசைப்பட்ட பேராசிரியர் பதவி கைக்கு வந்தது 1852இல். இரண்டே வருஷத்தில் காலமானார்.

அவர் பெயர் நிலைத்த இடம்தான் ஆச்சரியம். 1870இல் தொடங்கிய யுத்தத்தில் ஜெர்மானியர் பாரிஸை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டார்கள். பதினோரு வருஷம் கழித்து, 1881இல், அதே பாரிஸில் சர்வதேச மின்சார மகாநாடு கூடியது. அழுத்தத்துக்கு இத்தாலியர் வோல்ட்டாவின் பெயர், ஓட்டத்துக்கு ஆம்பியர் பெயர், தடைக்கு ஜெர்மானியர் ஓமின் பெயர் என்று அங்கே முடிவாயிற்று. 1889இல், மறுபடியும் பாரிஸில், சக்திக்கு ஸ்காட்லாந்துக்காரர் வாட் பெயர் சேர்ந்தது. நம் கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக மாண்டவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. எதிர்த்து நின்றது ஜெர்மனி. அந்தப் போர் நடந்த காலத்திலும் பிரெஞ்சுப் பாடப் புத்தகம் தடையை 'ஓம்' என்றுதான் அளந்தது.

இதெல்லாம் வீட்டுக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், பிரான்ஸிலிருந்து பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கொண்டு வருகிறார். முன்னாளில் அங்கே பல வீடுகளில் 110 வோல்ட்தான். பெட்டி எடுக்கும் ஓட்டம் 4 ஆம்பியர் என்றால், 110ஐ 4ஆல் வகுக்கத் தடை 27.5 ஓம், இரண்டையும் பெருக்கச் சக்தி 440 வாட். இங்கே நம் சுவரில் இருப்பது 220 வோல்ட் என்று கொள்வோம். தடை மாறாதிருந்தால் ஓட்டம் 8 ஆம்பியர். சக்தி 1,760 வாட். அழுத்தம் இரண்டு மடங்கு. சூடோ நான்கு மடங்கு! சட்டை கருகும் முன்பே பெட்டி கருகிவிடும்.

அந்த மனிதர் பெட்டியைச் சுவரில் செருகுமுன் தெருவில் உள்ள அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவரைக் கேட்டால் போதும். பையன் 'வி' போட்டுக் கணக்கிடட்டும். பெண் 'யூ' போட்டுக் கணக்கிடட்டும். இரண்டு பேரும், "செருகாதீர்கள், தாத்தா!" என்றுதான் சொல்வார்கள்.