முக்காலியும் காசநோயும்

இன்னைக்கு மருந்து மாத்திரை பத்தி இல்ல, ஒரு முக்காலி பத்தி எழுதப் போறேன். ஆனா கடைசில எப்படியும் காசநோய்லதான் வந்து நிக்கும், டாக்டர் புத்தி.

ஓபி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்ல வீட்டுல மரவேலை பழகுறேன். முதல்ல செஞ்சது நாலு கால் ஸ்டூல். ஒரு கால் மட்டும் தரையைத் தொடல. அதைச் சரி பண்ண மத்த மூணையும் கொஞ்சம் அறுத்தேன். இப்போ வேற ஒரு கால் தொடல. மறுபடி அறுத்தேன். கடைசில எல்கேஜி பிள்ளை உட்காரும் உயரத்துக்கு வந்துருச்சு!

மூணு காலா இருந்தா இந்தத் தொல்லையே கிடையாது. எந்தத் தரையிலயும் ஆடாது. நம்ம முன்னோர் அதுக்கு முக்காலின்னு பேரே வச்சிருக்காங்க. நான் பார்த்துச் செஞ்சது 1933ல் ஃபின்லாந்தில் பிறந்த 'ஸ்டூல் 60'. ஒரு வட்டப் பலகை, அடியில மூணு கால், அவ்வளவுதான். வடிவமைத்தவர் ஆல்வார் ஆல்ட்டோ, கட்டடக் கலைஞர். அந்தக் காலை வளைக்கிற வித்தையை அவர் கத்துக்கிட்ட கதை, ஒரு காசநோய் மருத்துவமனையில இருந்து தொடங்குது.

கொஞ்சம் பின்னாடி போவோம். காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் அறிவித்தது 1882ல். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943ல். நடுவுல 61 வருஷம்! எதிரி யாருன்னு தெரியும், கையில ஆயுதம் இல்ல. அப்போ இருந்த சிகிச்சை ஓய்வு, சத்தான சாப்பாடு, சுத்தமான காற்று, வெயில். இதுக்குன்னு ஊருக்கு வெளியே கட்டினதுதான் சானடோரியம். தாம்பரம் பக்கம் ரயில்ல போறவங்களுக்கு இந்தப் பேர் நல்லாத் தெரியும்.

ஃபின்லாந்தின் துர்க்கு நகருக்குப் பக்கத்துல பைமியோன்னு ஒரு ஊர். அங்கே சானடோரியம் கட்டும் போட்டியில் 1929ல் ஆல்ட்டோ ஜெயிச்சார். மனைவி ஐனோவும் கட்டடக் கலைஞர், சேர்ந்தே வேலை செஞ்சாங்க. 1933ல் திறந்தாங்க.

அவங்க யோசிச்ச விதம்தான் எனக்குப் பிடிச்சது. நோயாளி மாசக்கணக்குல படுத்தே கிடக்கிறவர். அவர் பார்ப்பது சுவரை இல்ல, கூரையை. அதனால கூரைக்குக் கண்ணை உறுத்தாத பச்சை நிறம். விளக்கு அவர் பார்வையில நேரா விழாத இடத்துல. ஒரு அறைக்கு ரெண்டு பேர், ஒருத்தர் கை கழுவுற சத்தத்துல இன்னொருத்தர் முழிச்சிடக் கூடாது. அதுக்காக தண்ணி சத்தமில்லாம விழும் கோணத்துல வாஷ்பேசின்! நம்ம வார்டுகள்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ட்யூப்லைட் எரியுறதை நினைச்சா கூச்சமா இருக்கு.

இப்போ நாற்காலி. அப்போ ஃபேஷன் ஸ்டீல் குழாய் நாற்காலி. துடைக்க சுலபம், ஆஸ்பத்திரிக்குத் தோதுதான். ஆனா ஸ்டீல் உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். ஃபின்லாந்து குளிர்ல நுரையீரல் நோயாளி அதுல மணிக்கணக்கா உட்காரணும்னு நினைச்சுப் பாருங்க. மரம் அப்படிச் செய்யாது. ஆனா மரத்தை ஸ்டீல் மாதிரி வளைக்கணுமே?

ஒட்டோ கோர்ஹோனென்னு ஒரு மரச்சாமான் தயாரிப்பாளர் கூட சேர்ந்து அதைச் சாதிச்சாங்க. பிர்ச் மரத்தை மெல்லிசாச் சீவி, பசை தடவி அடுக்கி, அச்சுல அழுத்தினா வளையும், லேசா ஸ்ப்ரிங் மாதிரியும் கொடுக்கும். அதுதான் பைமியோ நாற்காலி. சாய்ந்து உட்கார்ந்தா மூச்சுக்குத் தோதான கோணம், கழுத்துப் பக்கம் காத்துப் போக இடைவெளி. மூச்சு வாங்குறவங்க கையை எதிலாவது ஊன்றினா நிம்மதியா உணர்வாங்க, நாங்க தினமும் பார்க்கிறது. இதுல கை வைக்க அகலமான வளையம் இருக்கு. ஆனா உண்மையைச் சொல்லிடணும்: இந்த நாற்காலி யாரையும் குணப்படுத்தல.

அதே சோதனைகளோட தொடர்ச்சிதான் முக்காலியின் கால். கெட்டியான பிர்ச் கட்டையின் நுனியில் ரம்பத்தால வரிசையாக் கீறி, கீறல்ல பசையோட மெல்லிய தகடு செருகி வளைச்சா 'ட' மாதிரி நிற்கும். பலகைக்கு அடியில ஸ்க்ரூ போட்டா வேலை முடிஞ்சது. இதையெல்லாம் விற்க 1935ல் ஆர்டெக் கம்பெனி தொடங்கினாங்க. கைவேலையை 1866லயே பள்ளிப் பாடமாக்கின நாடு அது, ஆச்சரியம் இல்ல.

இனிமே கதை சென்னைக்கு வருது. 1956ல் சேத்துப்பட்டு காசநோய் மையத்துல ஒரு ஆய்வு தொடங்கினாங்க. பாதி நோயாளிகளுக்கு சானடோரியத்துல சிகிச்சை, மீதிப் பேருக்கு அதே மாத்திரைகள் வீட்டுலயே, நெரிசலான ஏழை வீடுகள்ல, குறைவான சாப்பாட்டோட. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா குணமானவங்க அளவுல பெரிய வித்தியாசம் இல்ல. வீட்டுல இருந்தவங்க குடும்பத்துக்கும் கூடுதலா நோய் பரவல. 1959ல் முடிவு வெளியானதும் சானடோரியம் அவசியமான்னு உலகமே யோசிக்க ஆரம்பிச்சது. பைமியோவும் பின்னாடி பொது மருத்துவமனையா மாறுச்சு. அந்த நாற்காலி நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துல இருக்கு.

நீங்களும் செஞ்சு பார்க்கணுமா? உயரம் 44 செ.மீ., பலகை விட்டம் 38 செ.மீ. காலை வளைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், மூணு நேரான காலைக் கொஞ்சம் சாய்ச்சு மாட்டுங்க. ரப்பர் மரம் போதும். உப்புத்தாள் தேய்க்கும்போது மட்டும் என்95 மாஸ்க் போடுங்க, மரத்தூள் மூக்குக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. செஞ்சா போட்டோ போடுங்க, பார்க்கிறேன்.