அழகர் ஏன் ஆற்றில் இறங்குகிறார்? அசைன்மென்ட் எழுதுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

"தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குக் கிளம்பின அழகர் லேட்டா வந்தாரு. அதுக்குள்ள தாலி கட்டியாச்சு. கோபத்துல ஆத்துல இறங்கிட்டுத் திரும்பிட்டாரு."

சித்திரைத் திருவிழா பற்றி மொபைலில் தேடினால், முதலில் வருவது இந்தக் கதைதான். பத்து பக்கம் திறந்தாலும் இதேதான். 'பத்து பேர் சொல்றாங்களே, சரியாத்தான் இருக்கும்' என்று அப்படியே எழுதிவிடாதீர்கள். ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் காப்பி அடித்திருந்தால், அது ஒரே ஒரு சான்றுதான்!

அழகர்கோவிலுக்கு எத்தனை வகைச் சான்றுகள் இருக்குன்னு பாருங்க.

மக்கள் வழக்கு: மேலே சொன்ன கதை. கோயில் சடங்கில் மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பவர், திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். அதற்காகக் கதையைத் தூக்கிப் போடாதீர்கள். 'மக்கள் என்ன நம்புகிறார்கள்?' என்ற கேள்விக்கு இதுதான் முதல்தரச் சான்று.

தல புராணம்: சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு விமோசனம் தரவே அழகர் வைகைக்கு வருகிறார் என்கிறது. இது கோயில் மரபு சொல்லும் காரணம்.

ஆய்வு நூல்: தொ.பரமசிவனின் 'அழகர் கோயில்', மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-ல் வெளியிட்டது. கோயிலுக்கும் சுற்றியுள்ள சமூகங்களுக்குமான உறவைக் களத்தில் விசாரித்து எழுதியது. தனித்தனியாக நடந்த இரு விழாக்கள் திருமலை நாயக்கர் காலத்தில் (1623-1659) இணைந்தன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

கல்வெட்டு: கிடாரிப்பட்டி பக்கம் அழகர்மலைக் குகையில், சுமார் 2,000 ஆண்டுகள் பழைமையான தமிழி எழுத்துகள் உள்ளன. மதுரை வணிகர்கள் சமண முனிவர்களுக்குச் செய்த கொடையைச் சொல்பவை. இருப்பதிலேயே பழைய சான்று. ஆனால், ஆற்றில் இறங்குவது பற்றி இதில் ஒரு வார்த்தை கிடையாது. பழசு என்பதற்காக எல்லாக் கேள்விக்கும் அது பதில் சொல்லாது.

ஆக, எதை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்க. சொன்னது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? என் கேள்விக்கு இது பதில் சொல்லுதா?

விக்கிப்பீடியாவையோ ஏஐ பதிலையோ பார்ப்பதில் தப்பில்லை. அதோடு நிறுத்துவதுதான் தப்பு. அது காட்டும் மூல நூலைத் தேடிப் போங்க. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம்... இரண்டுமே இலவசம்.

எழுதும்போது 'மக்கள் வழக்கில்', 'தல புராணப்படி', 'ஆய்வாளர் கருத்துப்படி' என்று பிரித்து எழுதுங்க. அழகர் கதையும் அப்படியே இருக்கும். உங்க மார்க்கும் குறையாது!